கழுநீர்த் தொட்டியில் வளர்த்த நத்தைகள்

தொட்டியத்திலிருந்து வாழைத்தார் லாரியில் வரும்போது, தாரைச் சுற்றியிருக்கும் சருகுக்குள் என்னென்னவோ சேர்ந்து வரும். பூரான் வரும், ஒருமுறை பாம்புக்குட்டிகூட வந்ததாம். என் வீட்டுக்காரருக்குக் காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிற வேலை. ஒருநாள் மத்தியானம் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், துண்டில் முடிந்து வைத்திருந்ததை என் மடியில் அவிழ்த்துக் கொட்டினார். நத்தைகள். வயல் நத்தையை நான் பார்த்திருக்கிறேன், இது வேறு ஜாதி. உள்ளங்கை நிறைகிற அளவு, கூம்பாக நீண்ட ஓடு, அதில் பழுப்புக் கோடுகள்.

"பிள்ளை பிள்ளைன்னு கோயில் கோயிலா சுத்துறியே. இந்தா, மொத்தமா கொண்டாந்துட்டேன்" என்றார்.

மாமியார் சிரித்தார். கூடத்தில் படுத்திருந்த மாமனாரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒன்று சொல்வார்கள்.

தூக்கிப் போடத்தான் கொல்லைக்குக் கொண்டுபோனேன். போகிற வழியில் ஒன்று ஓட்டை விட்டு வெளியே வந்து என் மணிக்கட்டில் ஏறியது. சில்லென்று இருந்தது. கொம்பு நுனியில் கண்ணை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் தேடியது. மாட்டை விற்ற பிறகு கழுநீர்த் தொட்டி சும்மாதான் கிடந்தது. அதில் மண் போட்டு, நத்தைகளை விட்டு, மேலே கோழி மூடுகிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்குப் பிடித்தது கவலை. வெயில் ஏறினால் செத்துவிடுமோ, எறும்பு அரித்துவிடுமோ, காக்கா கொத்திவிடுமோ. என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. நத்தைக்கு என்ன ஆகாரம் என்று யாரைப் போய்க் கேட்பது? பழத்தோல் போட்டேன், கீரைத்தண்டு போட்டேன். ஒருநாள் பஞ்சாரத்தை நெம்பிக்கொண்டு ஒன்று சுவரில் ஏறி வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. ஓடு வளர அதுதான் வேண்டுமாக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. சுவரில் தடம் தெரிந்தால் மாமியார் திட்டுவாரே என்ற பயத்தில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். அதையும் தின்றன. ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். வீடே சிரிக்கும். சாப்பிட்டுவிட்டன என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

மாமனார் பஸ் டிரைவர். முசிறி ரோட்டில் வருஷக்கணக்காக இஞ்சின் சூட்டில் உட்கார்ந்தே மூலம் வந்துவிட்டது. அந்தத் தை மாதம் ரத்தம் போக ஆரம்பித்தது. ஸீட்டில் உட்கார முடியாமல் வேலைக்குப் போவதை நிறுத்தினார். உறையூரில் ஒரு வைத்தியர் நத்தைக் கறி சாப்பிடச் சொன்னார். அவர் சொன்னது வயல் நத்தை. அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம், தேடினாலும் கிடைக்காது. மாமியார் கொல்லைக்கு வந்து பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"நத்தைன்னா நத்தைதானே. நல்லாத்தான் கொழுக்க வச்சிருக்கே" என்றார்.

பெரியது இரண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வளர்த்தது நான், ஆக்க வேண்டியதும் நான்தான் என்றார். உப்பையும் புளியையும் போட்டு எத்தனை தரம் அலசினாலும் கொழகொழப்பு விடவில்லை. மிளகு அரைத்துப் போட்டு வதக்கினேன். மாமனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். பாதியில் நிறுத்தி, எலும்பு இல்லாத கறியாக இருப்பது சௌகரியம் என்றார். மிச்சத்தை அடுத்த வெள்ளிக்குள் ஆக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. கொள்ளிடத்துக் கரையில் விடலாம் என்றால், என்னைத் தனியாக வாசல் தாண்ட விடமாட்டார்கள். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நான் காய்ச்சலில் கிடந்தபோது தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் மண் காய்ந்துவிட்டது. எழுந்து வந்து பார்த்தால் எல்லாம் ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயில் வெள்ளையாக ஒரு ஏடு கட்டியிருந்தன. செத்துவிட்டன என்று அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் எல்லாம் நடக்க ஆரம்பித்தன.

செத்ததாகக் காட்டிக் கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டால், பிறகு தண்ணீர் பட்டு எழுந்து தப்பித்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை நிறுத்தினேன். தீனியையும் நிறுத்தினேன். அவை பசியோடு பஞ்சாரத்தில் ஏறி ஏறி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண் வெடித்ததும் ஒவ்வொன்றாக ஏடு கட்டிக்கொண்டன. வியாழக்கிழமை மாமியாரிடம் போய், எல்லாம் செத்துப்போய்விட்டன, நானே குப்பையில் கொட்டிவிடுகிறேன் என்றேன்.

மாமியார் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். நகத்தால் ஏட்டைத் தட்டினார்.

"கொட்டாதே. செத்தா ஓடு இருக்குல்ல. புடம் போட்டு பஸ்பமாக்கி வெண்ணெயில குடுத்தா இன்னும் நல்லாக் கேக்கும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு."

மறுநாள் காலை மாமியார் நத்தைகளை மண்சட்டியில் அடுக்கினார். மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, களிமண் தடவின துணியால் வாயைச் சுற்றினார். கொல்லையில் வரட்டி அடுக்கி நடுவில் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அத்தை, உசுரு இருக்கு அத்தை. தூங்குதுங்க."

குச்சியை அணைக்காமலே என்னைப் பார்த்தார். "நேத்து செத்துச்சுன்னு சொன்னது யாரு?"

மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பெற்ற தாய்க்குத் தெரியாதா என்று என்னைக் காட்டிச் சிரித்தார். மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் கட்டிலில் வலியோடு புரண்டுகொண்டிருக்க, நான் மருந்தை ஒளிக்கப் பார்த்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வரட்டியில் தீ வைத்துவிட்டு ஊதுகுழலை என் பக்கம் நீட்டினார்.

"பொய் சொன்ன வாய்தானே. நீயே ஊது."

ஊதினேன். சட்டி சூடேறியதும் உள்ளே ஓடும் ஓடும் உரசுகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. களிமண் ஒரு இடத்தில் விட்டு, நுரை சீறிக்கொண்டு வெளியே வந்தது. நிறுத்தினால் அரைகுறையாகக் கிடந்து துடிக்குமே என்று இன்னும் பலமாக ஊதினேன். சத்தம் அடங்கியது.

ஓடு வெள்ளையாக நீறியிருந்தது. இடித்து, துணியில் சலித்து, கண்ணாடிக் குப்பியில் போட்டோம். காலையில் ஒரு சிட்டிகை எடுத்து வெண்ணெயில் குழைத்து மாமனாருக்குக் கொடுப்பது என் வேலை. அவர் மெல்ல மெல்ல உட்கார ஆரம்பித்தார். குணம் தெரிகிறது, வேலைக்குப் போய்விடலாம் என்றார். பஸ்பத்தாலா, வீட்டில் கிடந்த ஓய்வாலா, யாருக்குத் தெரியும்? எனக்குக் குப்பியைப் பற்றித்தான் கவலை. தீர்ந்துவிட்டால் மறுபடி நத்தை கேட்பார்கள். அதனால் சிட்டிகையைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

பங்குனியில் அவர் பஸ் ஓட்டப் போனார். போன ஒரே வாரத்தில் மறுபடி ரத்தம். பஸ்பம் பத்தவில்லை என்று மாமியார் தீர்மானித்துவிட்டார். அன்று சாப்பாட்டின்போது, தொட்டியத்து லாரியில் பார்த்து நத்தை கொண்டுவா என்று மகனிடம் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "எப்படிப்பட்டது வேணும், சொல்லு. வளக்கறவ நீதானே?" என்றார்.

நான் அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பெருசாவே கொண்டாங்க. வளக்குற வேலை வேணாம்" என்றேன்.