பேட்டரி எங்கடா?

இது கதையில்லை. நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். பதினான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆசாமி நான்.

இன்னொன்று. நள்ளிரவு, நாய் ஊளை, மரக்கிளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். சாயங்காலம் சரியாக 4.10. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

என் அண்ணனும் லிஃப்ட் மெக்கானிக்தான். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இரண்டு சீட்டு வண்டி ஒன்றைத் துருவும் எலிக்கூடுமாக வாங்கி வந்து ஷெட்டில் நிறுத்தினான். ஏழு வருஷம், லீவு நாளெல்லாம் இருவரும் அதோடுதான் கட்டிப் புரண்டோம். "எனக்குப் பதிலா அந்தக் காரையே கட்டியிருக்கலாம்" என்பார் அண்ணி. சொல்லிவிட்டு, டீயைக் கொண்டுவந்து அதன் கூரைமேல் வைப்பார்.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அதன் பானெட்டின் கீல் முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும். திறந்துவிட்டால், சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே வெறும் தகரம்தான் தெரியும். இரண்டு, பேட்டரி இருப்பது எஞ்சின் பக்கத்தில் அல்ல. சீட்டுக்குப் பின்னால், ஒரு மூடிக்கு அடியில்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் மெயின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான். அதை அண்ணன் காருக்கும் கொண்டுவந்தான். எஞ்சினில் கை வைக்கிறவன் பையில்தான் சாவி இருக்க வேண்டும். பேட்டரியையும் இறக்கிவிட வேண்டும். ஒருவன் கேட்க வேண்டும்: "பேட்டரி எங்கடா?" மற்றவன் சொல்ல வேண்டும்: "இறக்கியாச்சு." பெயிண்ட் அடிக்கிற நாளில்கூடக் கேட்பான். "பிரஷ்ஷு ஷாக் அடிக்குமாண்ணே?" என்று நான் கிண்டல் செய்வேன். பதில் சொல்கிறவரை தொடமாட்டான்.

அந்த வண்டிக்கு ஒரே சாவி. அண்ணன் அதைப் பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்விடுவான், நான் ஷெட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். அதனால் அவனுக்குத் தெரியாமல் கள்ளச்சாவி ஒன்று செய்து வைத்துக்கொண்டேன். என்ன பெரிய குற்றம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மணி 4.10 இருக்கும், ஷெட்டுக்குள் நுழைந்தேன். பானெட் திறந்திருந்தது. அண்ணனைக் காணோம். அடுப்படியில் குழாய் ஓடும் சத்தம். டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்து, கள்ளச்சாவியைப் போட்டுத் திருப்பினேன். காலையில் அவன் டியூன் செய்ததைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வழக்கமாக அந்த எஞ்சின் மூன்று தடவையாவது முனகிவிட்டுத்தான் எழுந்திருக்கும். அன்று முனகவே இல்லை. எடுத்த எடுப்பில் உறுமியது.

கூடவே அண்ணன் அலறினான்.

தகரத்துக்கு அந்தப் பக்கம், குனிந்து, ஃபேன் பெல்ட்டுக்குள் கை விட்டிருந்தான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அவனிடம் ஓடவில்லை. சாவியை உருவிப் பையில் போட்டேன். பிறகுதான் ஓடினேன். அண்ணி வந்து கத்தியபோது என் வாயில் தானாக வந்தது: "வயர் ஷார்ட் ஆயிடுச்சு அண்ணி! தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு!" எல்லோரும் நம்பினார்கள். ஒரே சாவி அண்ணன் பையில் பத்திரமாக இருந்ததே! அவ்வளவு கண்டிப்பானவன் அன்றைக்கு மட்டும் பேட்டரியை இறக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சீ.

ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சலில் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "பேட்டரி எங்கடா... பேட்டரி எங்கடா..." என்று பிதற்றினான். "இறக்கியாச்சுண்ணே, படு" என்றேன். அதில்லை என்பதுபோலத் தலையாட்டினான். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தான். உண்மையைச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் இருந்தது. சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணி சொன்னார். "வண்டி இருக்கட்டும் தம்பி. அது அவரோட வண்டி. ஆனா அந்த எஞ்சின் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

சரியென்று ஒப்புக்கொண்டேன். பாவம், ஒரு தப்பும் செய்யாத எஞ்சின். என் பொய்க்காக வீட்டை விட்டுப் போனது. செயின் பிளாக் போட்டுத் தூக்கி இறக்கினேன். பேட்டரி அடுப்படி மூலையில் கிடந்தது. பயத்தில் அண்ணி யாரையோ விட்டு எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நானும் கேட்கவில்லை.

எஞ்சினை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். அவரிடமும் இதே வண்டி இருக்கிறது. எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன். ஷெட்டில் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

"கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க... இதுதானே உங்க அண்ணனை...?"

"எஞ்சின் என்ன சார் பண்ணும்? அது பசு. தைரியமா எடுத்துட்டுப் போங்க. நான் கேரண்டி."

ஊரில் வேறு எவனாலும் அந்த கேரண்டியைக் கொடுத்திருக்க முடியாது. யார் செய்தது என்று எனக்கு ஒருவனுக்குத்தானே தெரியும். இனாமாகக் கொடுத்து அனுப்பினேன். ஏதோ பாவம் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது.

பிறகு நான்கு மாதம். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய புதுக் கார் ஒன்றின் எஞ்சினைப் பிடித்தேன். பழைய எஞ்சின் இருந்த குழியில் புதுசு உட்காருமா? உட்காராது. எஞ்சினைத் தாங்கும் கால்களை வெட்டி மறுபடி வெல்டிங் செய்தேன். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து வாங்கினேன். கம்ப்யூட்டர், சென்சார், நூற்றுச்சொச்சம் வயர். முதுகு ஒடிந்தது. அதிலே பெல்ட்டில் சுற்றும் ஃபேன் கிடையாது, கூண்டு போட்ட எலெக்ட்ரிக் ஃபேன். புதுப் பேட்டரி வாங்கி, சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு திங்கட்கிழமை ஸ்டார்ட் செய்தேன். பூனை மாதிரி ஓடியது. அண்ணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆரம்பித்தது மறுநாள்.

செவ்வாய், மணி 4.10. திருப்பினால் சத்தமே இல்லை. பின்னால் மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரி வயர் கழன்றிருந்தது. நட்டு, மடித்த துணிமேல் தனியாக வைக்கப்பட்டிருந்தது. துணியை மடித்து அதன்மேல் நட்டு வைப்பது அண்ணன் பழக்கம். ஏழு வருஷத்தில் எனக்கும் தொற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மாட்டினேன்.

புதன், 4.10. கழன்றிருந்தது.

வியாழன், 4.10. கழன்றிருந்தது. முந்தின நாள் நான் ஸ்பானரைப் போட்டு முழுப் பலத்தோடு முறுக்கிய நட்டு.

ஆறாம் நாள் பேட்டரியே வெளியே தரையில் இருந்தது. மேலே படிந்திருந்த தூசியில் விரல் தடம். ஒரு கட்டைவிரல். ஒரு ஆள்காட்டி விரல். மற்ற மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் தூசி அப்படியே இருந்தது...

துடைத்தேன். 'அவனுக்குத் தெரிந்துவிட்டது' என்று நினைத்தேன். 'சாவி போட்டது நான்தான் என்று தெரிந்துவிட்டது. கேட்க வந்திருக்கிறான்.' கள்ளச்சாவியை அன்றே சுத்தியலால் நசுக்கிச் சாக்கடையில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் அண்ணி கூப்பிட்டார். அடுப்படி மூலையில் புதுப் பேட்டரி.

"ஏன் தம்பி, இதையும் இங்கயே கொண்டுவந்து வெச்சிட்டீங்க?"

நான் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனேன்.

பதினோராம் நாள். வெள்ளிக்கிழமை. லிஃப்ட் வேலைக்குப் போடும் பூட்டு ஒன்றை எடுத்து, பேட்டரி மூடிக்குப் போட்டுப் பூட்டினேன். உள்ளே பேட்டரி இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். பானெட்டைத் திறந்துவைத்தேன். சீட்டில் உட்கார்ந்தேன். வருவது வரட்டும்.

மணி 4.06. ரேடியோவில் செய்தி.

4.08. ரேடியோ நின்றது.

4.09. கை கழுவும் மண்ணெண்ணெய் வாசனை. அண்ணன்தான் கை கழுவ மண்ணெண்ணெய் வைத்திருப்பான். அவன் போன பிறகு அந்த டப்பாவை நான் தொடவே இல்லை.

குனிந்து, திறந்த கதவு வழியாக முன்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம்... இரண்டு கால்கள். அண்ணன் வேலைக்குப் போடும் பூட்ஸ். இடது கால் லேஸ் எப்போதும் போல அவிழ்ந்து கிடந்தது.

4.10.

"பேட்டரி எங்கடா?"

கோபமில்லாத குரல். தினமும் கேட்ட அதே குரல்.

"பூ... பூட்டியிருக்கேண்ணே..."

"பேட்டரி எங்கடா?"

திரும்பினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி போட்டுத் திறந்தேன்.

உள்ளே...

காலி.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அடுப்படியில் அண்ணி நின்றிருந்தார். அவர் காலடியில், அதே மூலையில், பேட்டரி.

விழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கள்ளச்சாவி, திருப்பியது, உருவி ஒளித்தது, வயர் ஷார்ட் என்று சொன்னது. "நான்தான் அண்ணி. எஞ்சின் இல்ல. நான்தான் அண்ணனைக் கொன்னேன்."

அண்ணி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சாவி போட்டது தப்பு. மறைச்சது அதைவிடத் தப்பு. ஆனா... பேட்டரி இல்லாம அந்த வண்டி ஓடுமா?"

"ஓடாது. ஏன்?"

"அன்னிக்கு மூணரை மணிக்கே அவர் பேட்டரியைத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சிட்டாரே. நான்தானே சார்ஜர் மாட்டினேன். அவர் கத்தினப்ப அந்தப் பேட்டரி மேல தடுக்கி விழுந்துதான் நான் வெளிய ஓடி வந்தேன். இதோ தழும்பு."

முழங்காலைக் காட்டினார்.

"நீங்க ஏன் இதைச் சொல்லவே இல்ல அண்ணி?"

"எனக்கென்ன தம்பி தெரியும்? வயர்னு நீங்க சொன்னீங்க. நம்பினேன்."

நான் சொன்ன பொய். தானாக ஸ்டார்ட் ஆனது என்று நான் சொன்ன அந்தப் பொய்...

ஆஸ்பத்திரியில் அண்ணன் பிதற்றவில்லை; பேட்டரி இல்லாமலே எஞ்சின் ஓடியது என்று சொல்லப் பார்த்திருக்கிறான். இந்தப் பதினோரு நாளும் அவன் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. 'கேரண்டி' என்று நான் கொடுத்தனுப்பிய அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு முன்பே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அண்ணி அன்றே பேட்டரியைச் சொல்லியிருப்பார். எஞ்சின் ஷெட்டை விட்டே போயிருக்காது.

போனை எடுத்தேன். மணி 4.28. கண்ணாடிக் கடைக்காரர் எண். நீண்ட நேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தார். அவர் மனைவி. அழுதுகொண்டிருந்தார்.

"அம்மா, அந்த எஞ்சினை யாரும் தொட வேண்டாம்னு சொல்லுங்க, உடனே..."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"உங்களுக்கு அதுக்குள்ள யார் சொன்னாங்க? இப்பதான்... இருபது நிமிஷம்கூட ஆகல. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

அவரே தொடர்ந்தார்.

"சும்மா ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சிருந்தாருங்க. துணியால துடைச்சிட்டிருந்தார். பெட்ரோல்கூட ஊத்தல. பேட்டரியே இன்னும் வாங்கல..."

இதுவரைதான் எனக்குத் தெரியும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணாடிக் கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். இப்போது இடது கையால் கண்ணாடி துடைக்கிறார். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார். அந்த எஞ்சினை மறுவாரமே ஒரு லாரியில் யாரோ ஏற்றிக்கொண்டு போனதாக அவர் மனைவி சொன்னார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வண்டியில் அதற்குப் பிறகு பேட்டரி கழலவே இல்லை.