செங்கேணியின் இடது கட்டைவிரல்

என் தங்கை செங்கேணி, யாரும் எதிர்பாராமல் வென்றவை: 2021 உள்ளாட்சித் தேர்தலில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் வார்டு உறுப்பினர் பதவி; கணவரின் தம்பிகளோடு ஆறு வருடம் வழக்காடி ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் நிலம்; முழுசாகத் தன் இடது கட்டைவிரல்.

விரல் வலி 2021 நவம்பரில் தொடங்கியது. நகத்தைச் சுற்றி வீங்கியிருந்ததால் நகச்சுத்து என்றோம். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டாள். மொத்தம் பதினொரு பழம். பிறகு ஒரு கிளினிக்கில் சீழ் எடுக்க இரண்டு முறை கீறினார்கள். சீழ் வரவில்லை. பகலில் சும்மா இருக்கும் விரல் இரவில் தூங்க விடாது. உத்திரமேரூர் மருந்துக்கடை முகம்மது கௌஸ் கொடுத்த தலைவலி மாத்திரைக்கு மட்டும் அரை மணியில் அடங்கும்.

"தலவலி மாத்திர வெரலுக்கு எப்பிடிம்மா கேக்குது? மூள அங்கயா கீது?" என்றார் அவர்.

"எங்கியோ ஒரு எடத்துல கீதே பாய், அது போதும்."

பதினைந்து மாதம் கழித்து, காஞ்சிபுரத்தில் எலும்பு டாக்டர் சசிரேகா இந்த மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். நகத்துக்கு அடியில், எலும்புக்குள், மிளகளவு ஒரு கட்டி. கட்டி என்றதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"புத்துநோய் இல்லைங்க. வழக்கமா கால் எலும்புல வர்றது. கட்டைவிரல் நுனியில ரொம்ப அபூர்வம். சுரண்டி எடுத்துட்டா வலி போயிடும்."

"ரேகையும் போயிடுமா?" என்றாள் செங்கேணி.

நிலத்துப் பத்திரம் முழுக்க அந்த விரலின் கைநாட்டுதான்.

"ரேக மாறிட்டா, இவ அவ இல்லன்னுவானுங்க டாக்டரம்மா. நெலம் பூடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ரேகையைத் தொடாமல் பக்கவாட்டில் எங்கே கீறுவார் என்று விரலிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். செங்கேணி கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஆபரேஷன் அன்று நர்ஸ் கனகா சம்மதப் படிவமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

"எடது கையில மருந்து தடவியாச்சு. வலது வெரல வைம்மா."

"வலது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"ரெக்கார்டுல என்னுது இல்ல. பேனா குடு."

"கையெழுத்து மட்டும் ரெக்கார்டுல கீதா?"

"எங்கியுமே இல்லாதத தப்புன்னு எவன் சொல்லுவான்?"

ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்த தன் பெயரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். 'ங்' புள்ளி விட்டுப்போயிருந்தது. அவளே கண்டுபிடித்து வைத்தாள். 14.03.2023, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது.