மயிலாத்தாளின் குட்டை

ஒரு பெண்ணின் நிலத்துக்கு நான் நஞ்சிட்டேன். அந்தக் கேடு அவள் கையாலேயே வந்தது என்று அவளை நம்பவும் விட்டேன்.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட! உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல நா எழுகிறதோ என்னவோ...

எழுபதுகளின் நடுப்பகுதி. பொள்ளாச்சிப் பக்கம், கோபாலபுரத்துக்கு மேற்கே சரிவான ஒரு மேட்டு நிலத்தில் பருத்தியும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தேன். அதே சரிவின் அடியில் மயிலாத்தாளின் நிலம். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. ஒரு மாடு, சில வாத்துகள், ஒரு குட்டை. அவ்வளவுதான் அவள் குடும்பம்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. என் பருத்தி நின்றபடியே கருகியது. அவள் நிலமோ பச்சை! முருங்கை, அதன் நிழலில் பப்பாளி, அதன் காலடியில் தட்டைப்பயறு, மண்ணே தெரியாமல் மூடிய சருகு... பொறாமையோடுதான் இறங்கிப் போனேன்.

"இதென்ன அம்மிணி, உனக்கு மட்டும் எங்கிருந்து தண்ணி வருது?"

அவள் சிரித்தாள். "உங்க நெலத்துல இருந்துதானுங்ணா. நீங்க ஓட உட்டர்றீங்க. நான் நிக்க வெச்சுக்கறேன்."

அவளுடைய அண்ணன் மூணாறு மலையில் உள்ள சித்திரபுரத்தில் மின்சார வாரிய வேலையில் இருந்தான். கணவன் இறந்த துக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே போய் இருந்தவள், பகலெல்லாம் எதிரே இருந்த சோலைக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அங்க யாருங்க எருப் போடறாங்க? யாரு தண்ணி கட்டறாங்க? ஒண்ணு விழுந்தா இன்னொண்ணுக்கு எரு. ஒண்ணு நின்னா இன்னொண்ணுக்கு நெழல். நம்ம ஊட்டுப் பக்கம் ஏன் அப்படிச் செய்யக் கூடாதுன்னு தோணுச்சுங்க."

எனக்கும் சொல்லிக்கொடு என்றேன். அவள் தயங்கவே இல்லை!

முதலில் மழை விழும்போதெல்லாம் குடையோடு நிலத்தில் நின்று பார்க்கச் சொன்னாள். நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்று. பிறகு மூன்று கம்புகளைக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, சரிவின் குறுக்கே சமமட்டம் பார்த்து முளைக்குச்சி அடிக்கக் கற்றுத் தந்தாள். அந்த முளைகளின் வழியே நான் வாய்க்கால் வெட்டினேன். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு... தினம் கை வைக்க வேண்டியது வீட்டருகே, எப்போதாவது போதும் என்பது கடைசி வேலியருகே. எல்லாவற்றையும் ஒரு சிமென்ட் சாக்குக் காகிதத்தில் கரியால் வரைந்து காட்டினாள்.

"உங்க மேட்டுல விழற ஒரு சொட்டும் வீணாகாதுங்ணா. எல்லா வாய்க்காலும் ரொம்பி, கடைசியில என் குட்டைக்குத்தான் வந்து சேரும்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்!

அடுத்த வெள்ளாமையில் பருத்திக் காயில் புழு விழுந்தது. பொறுக்கச் சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் போனால் குருவியும் சிலந்தியும் பார்த்துக்கொள்ளும் என்றாள். எனக்கா பொறுமை? பொள்ளாச்சிக்குப் போய் என்ட்ரின் என்ற பூச்சிமருந்தை வாங்கி வந்தேன். விடியும் முன்பே, அவள் எழுந்து வெளியே வருவதற்குள், மூன்று நாள் அடித்தேன். திருடனைப் போல... என் நிலத்திலேயே!

மூன்றாம் நாள் தெளிப்பானில் மருந்து மிஞ்சியது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. குழி தோண்டிப் புதைத்திருக்கலாம். என் கால்கள் மேல் வாய்க்காலுக்குப் போயின. மிச்சத்தை அதில் கொட்டினேன். தெளிப்பானையும் அங்கேயே அலசினேன். தேங்கி நின்ற நீரில் அது பாலைப் போல் வெளுத்துப் பரவியது... பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறந்துவிட்டேனா? மறந்தவனைப் போல் நடித்தேனா? அவளுடைய பச்சை என் கண்ணை உறுத்தியதே, அதுதான் என் கையைச் சாய்த்ததா? இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்று ஒருமுறைகூட உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அன்று பிற்பகல் பெருமழை.

மறுநாள் காலை என்னைக் கீழே இழுத்தது ஒரு சத்தம் அல்ல, சத்தமின்மை. மழைக்கு மறுநாள் காதைத் துளைக்கும் தவளைகள் இல்லை. காக்கை இல்லை. ஒரு பூச்சிகூட இல்லை! குட்டை நிறைந்து தளும்பியது. அதன்மேல் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி அசையாமல் கிடந்தன. வாத்துகள் கழுத்தைச் சேற்றில் நீட்டி உறங்குவதைப் போல... தென்னையடியில் அவள் மாடு சாய்ந்து கிடந்தது. படுத்தபடியே அதன் கால்கள் நடந்தன. எங்கோ போய்ச் சேர வேண்டியதைப் போல விடாமல் நடந்தன. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மயிலாத்தாள் அமர்ந்திருந்தாள்.

"ஏனுங்ணா... மேல ஏதாச்சும் அடிச்சீங்களா?"

"இல்லியே அம்மிணி."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்!

அவள் நம்பினாள். என்னிடமிருந்து கண்களை எடுத்து, தான் வைத்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். குற்றவாளியைத் தேடுகிறவளைப் போல.

ஒரு மாதம் கழித்து அண்ணன் வந்து அவளைச் சித்திரபுரத்துக்கு அழைத்துப்போனான். நிலத்தை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். என்னை!

பார்த்துக்கொண்டேன். மரங்கள் சாகவில்லை, முன்னைவிடக் கொழித்தன. கொய்யா பழுத்து மரத்திலேயே அழுகியது. ஓர் அணில்கூடக் கடிக்கவில்லை. எந்த இலையிலும் ஒரு துளை இல்லை. வழியில் போகிறவர்கள் நின்று, "கைராசிக்காரருங்க நீங்க" என்றார்கள். நண்பகலில் அங்கே நிற்பேன். என் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்காது. ஒருநாள் தென்னையடியில் சருகைக் கால்கள் உதைக்கும் ஓசை கேட்டது. சீராக, விடாமல்... ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காற்றும் இல்லை. சருகு மட்டும் ஓரிடத்தில் விலகி, ஈர மண் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

இரண்டு ஆண்டுகள் தாங்கினேன். பிறகு சொல்லிவிடுவதென்று முடிவுசெய்து மூணாறு பஸ் ஏறினேன்.

சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் பகலிலும் மூடுபனி. எல்லாவற்றிலும் பச்சையான முற்றத்தைத் தேடியதால், அவர்கள் வீட்டை என்னால் உடனே அடையாளம் காண முடியவில்லை. மற்ற முற்றங்களில் எல்லாம் டாலியாவும் பீன்ஸ் கொடியும் இருந்தன. அங்கே ஒரு புல்லும் இல்லை. சுவரில் படர்ந்த பாசியைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தாள். உடைந்த பானையையும் சும்மா விடாமல் விதை போட்டவள் அவள்!

தேநீர் கொடுத்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்ணா கொன்னுட்டேன்."

"அம்மிணி..."

"குட்டைக்கு வடக்கால ஆடு வராம இருக்க அரளி வெச்சிருந்தனுங்களே. வெசம்னு தெரியுமுங்க. எலை உதிர்ந்து, மழையில அடிச்சு, குட்டைக்குள்ள போயிருக்கோணும். எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு வரைஞ்சேன், அதை மட்டும் யோசிக்காம போயிட்டேன். இனி ஒரு வெதையைத் தொடமாட்டனுங்க." அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொல்லுங்ணா. அரளிதானுங்களே?"

அவள் அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். டம்ளருக்குள் பார்த்தேன்.

"ஆமா அம்மிணி... அரளியாத்தான் இருக்கும்."

அவள் முகத்தில் ஓர் அமைதி வந்தது. ஐயோ, அந்த அமைதி! காரணம் தெரிந்துவிட்டதே என்ற அமைதி. அதைச் சாக்காக வைத்து எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவளுக்கு அதுவே ஆறுதல், இப்போது போய்க் கிளறுவானேன் என்று... கேட்கிறீர்களா என் நியாயத்தை?

புறப்படும்போது படி வரை வந்தாள். "உங்க கொழந்தைங்க அந்தப் பக்கம் வெளையாடுமுங்க. அந்த அரளியைப் புடுங்கிப் போட்டுருங்ணா, மறக்காம."

திரும்பி வந்து ஒரு பகல் முழுவதும் பிடுங்கினேன். ஒரு பாவமும் அறியாத செடி. அத்தனையும் பூத்திருந்தது.

பிறகு நிலம் தானாகத் தேறிவிட்டது. ஐந்தாறு மழைக்காலம் கழுவியதில் தும்பி வந்தது. தேன்சிட்டு கூடு கட்டியது. அவள் வரைந்த வரைவு அவ்வளவு சரியானது! பலர் வந்து பார்த்துவிட்டு, எப்படிக் கற்றீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் பெயரைச் சொல்கிறேன். அவள் எங்கே என்று கேட்டால் மட்டும், அண்ணன் வீட்டோடு போய்விட்டாள் என்று நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் இறந்துவிட்டாள் என்றா நினைத்தீர்கள்? இல்லை. இருக்கிறாள். அதே குவார்ட்டர்ஸுக்குச் சற்றுத் தள்ளி, வாடகை வீட்டில், அண்ணனோடு. அங்கும் முற்றத்தில் ஒரு செடி இல்லையாம்.

ஒரு பகல் பயணம்தான். சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்தான். உங்களிடம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே!

நாளைக்கும் நான் போகமாட்டேன்.