புதுப் போனில் விழுந்த குடைக்காரர்

காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். மஹய்யாவையில் எங்கள் தெருவில் எனக்கு அப்படித்தான் பெயர். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கண்டியில் ஒரு துணிக்கடையில் கேஷியராக இருக்கிறேன். என் பழைய போன் பகலில் நன்றாகத்தான் படம் எடுக்கும், வெளிச்சம் குறைந்தால் போச்சு. என் தங்கை மகளின் சடங்கன்று மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது, மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் எடுத்த படங்களில் யார் மாமா, யார் மாமி என்றே தெரியவில்லை, எல்லா முகமும் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி. அந்த ஆத்திரத்தில்தான் புதுப் போன் வாங்கினேன். இருட்டிலும் தெளிவாக எடுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சொந்த ஆட்டோ ஓட்டுகிறவர், எதையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்.

“இருட்டுல என்னத்த படம் புடிக்கப்போற? இருட்டத்தானே?” என்றார்.

வாங்கிய அந்த வாரமே கலஹாவில் இருக்கிற நாத்தனாரைப் பார்க்கப் போனோம். வெள்ளிக்கிழமை. மத்தியானம் பிடித்த மழை விடுகிற வழியாக இல்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, வைப்பர் போட்டும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைக்கு நடுவே ஒரு வளைவில் பூட்டிக் கிடந்த தேத்தண்ணிக் கடை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே ஆட்டோவை ஒதுக்கினார். கரண்டும் இல்லை போல, மலையில் ஒரு லைட் கூட இல்லை.

சும்மா நிற்கிற நேரத்தில் எனக்கு ஓர் ஆசை. இரண்டு போனிலும் ஒரே இடத்தைப் படம் எடுத்து அவருக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். பழைய போனையும் பையில்தான் வைத்திருந்தேன். எதிரே இருந்த வளைவை முதலில் அதில் எடுத்தேன். வெறும் கறுப்பு, நடுவில் கொஞ்சம் புள்ளி. பிறகு புதுசில். ‘அசைக்காமல் பிடிக்கவும்’ என்று திரையில் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம்பினால் நம்புங்கள், கண்ணுக்குத் தெரியாத தேயிலைச் செடியெல்லாம் பச்சையாக வந்திருந்தது. ரோட்டோரம், வளைவில், ஒரு மனிதர் குடையோடு நின்றார்.

“பாத்தீங்களா? ஆளு கூட தெரியுது!”

வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார், தலையைத் தூக்கி வளைவைப் பார்த்தார். “பாவம், பஸ்ஸுக்கு நிக்கிறாரு போல. பேராதனைப் பக்கம்னா ஏத்திக்குவோம்.”

அப்போது எங்கள் இருவருக்குமே ஒன்றும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆட்டோவை எடுத்து, வளைவுக்குக் கொண்டு போய் நிறுத்தினோம். யாரும் இல்லை. “ஐயா! வாங்க, ஏறுங்க!” என்று இவர் கூப்பிட்டார். மழைச் சத்தம் மட்டும்தான். நான் இறங்கிப் போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்த ஆள் நின்ற இடத்துக்கு அடுத்த அடியே பள்ளம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கீழே மழைத்தண்ணி ஓடுகிற கானில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. கம்பளிச் சட்டை.

“ஏங்க! யாரோ கெடக்குறாங்க!”

எப்படி இறங்கினோமோ தெரியாது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒரு கால் கோணலாகக் கிடந்தது, இடுப்புக்குக் கீழே கான் தண்ணீரில் முழுக்க நனைந்து விறைத்துப் போயிருந்தது. மூச்சு இருந்தது. நல்ல வேளையாக ஒரு பஸ் வந்தது. கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்து, ஒரு சாக்கில் வைத்து, தலைக்கு மேலே இன்னொரு சாக்கைப் பிடித்தபடி தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பேராதனை ஆஸ்பத்திரி போகும்வரை அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் நெற்றியில் மூன்று கோடு விபூதி இருந்தது. அழியாமல், காய்ந்தபடி. தலைமுடியைத் தடவினேன், அதுவும் காய்ந்திருந்தது. தூக்கி வந்த நேரத்தில் விழுந்த சில துளிதான் ஈரம். நானும் இவரும் கான் வரை போய் வந்ததற்கே தொப்பலாகியிருந்தோம்.

“மழைல இவங்க எவ்வளவு நேரம் கெடந்தாங்க?” என்று டாக்டர் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தோம். அடுத்த நாள் போன் விற்ற கடைக்கார நானாவிடம் கொண்டு போனேன். பெரிசாக்கிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“தங்கச்சி, இருட்டுல இந்தப் போன் ஒரு படம் எடுக்கிறல்ல. கனக்க படம் எடுத்து ஒண்டாச் சேர்க்கிற. அசையிற சாமான் எல்லாம் கலங்கித்தான் வரும். பாருங்க, காத்துக்கு இலையெல்லாம் கலங்கி ஈக்கிது. குடை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி ஈக்கிதே?”

“போனே சும்மா கற்பனை பண்ணிப் போட்டிருக்குமா நானா?”

“சின்னச் சின்ன கோளாறு வரும். குடையோட மனிசன் வாரதா? நான் கண்டதில்ல.”

இரண்டு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனோம். பெயர் மல்லிகா, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலில் கட்டோடு லயத்து வீட்டு வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் அழுதாள், பிறகு தேத்தண்ணி போடச் சொல்லி மகளை விரட்டினாள்.

“கோயிலுக்குப் போயிட்டு வந்தேங்க்கா. மழ புடிச்சிச்சு, ஓடுனேன், சறுக்கிருச்சு. கத்திக் கத்தித் தொண்ட போச்சு. அப்புறம் மழ விட்டிருச்சு. சரி, யாராச்சும் வருவாங்கன்னு கண்ண மூடிட்டேன்.”

இவர் என்னைப் பார்த்தார். “மழ விடலியேம்மா. நாங்க வர்றப்போ ஊத்துச்சே.”

“இல்லண்ணே, விட்டிருச்சு. மேல எங்கயோ துணில விழுற மாதிரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. மூஞ்சில ஒரு சொட்டு விழல.”

குடையைப் பற்றி நாங்கள் அதுவரை அவளிடம் வாய் திறக்கவில்லை. இப்போதும் அதைச் சொல்லும்போது எனக்கு மயிர் சிலிர்க்கிறது, கையைப் பாருங்கள். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் போனை அவளிடம் கொடுத்தேன். தோட்டத்து ஆளாக இருந்தால் அடையாளம் சொல்வாள் என்று ஓர் எண்ணம்.

நெடுநேரம் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை என்றாள். மகளும் பார்த்தாள், பக்கத்து வீட்டிலும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. மல்லிகா மட்டும் படத்தை விடாமல் விரலால் பெரிசாக்கிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, இவரு குடைக்குள்ள நிக்கலியே.”

நான் குனிந்து பார்த்தேன். நூறு தடவை பார்த்த படம்தான். குடையோடு ஓர் ஆள் என்றதும், அவர் குடைக்குக் கீழே நிற்கிறார் என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கை பள்ளத்துப் பக்கம் நீட்டியிருந்தது. குடை முழுக்க அந்தப் பக்கம். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது, தலைமுடி நெற்றியில் வழிந்திருந்தது.

“நல்லா நனைஞ்சிட்டாருக்கா,” என்றாள் மல்லிகா. திரையில் அவர் தோள் இருந்த இடத்தை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.