லத்தீன் நூலுக்குச் சரஸ்வதி பூசை

பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்துச் சரிசெய்வது என் தொழில். சாப்பாட்டுக்குப் பேர்போன பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. போன வருஷம் ஒரு தேவாலயத்து ஃபாதர் கொண்டுவந்து கொடுத்தது, ஐரோப்பாவில் அச்சு வருவதற்கு முன்பு கையால் எழுதிய லத்தீன் நூல். எது பாவம், எது புண்ணியம், எந்தப் பாவத்துக்கு எத்தனை கிளை என்று பாதிரியார்களுக்குச் சொல்லித்தரும் கட்டுரைகள். எப்போதோ இங்கே வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போனதாம். முதுகு கழன்று கிடந்ததைத் தைத்து, அதற்கென்று ஒரு பெட்டியும் செய்தேன். வேலை பிடித்துவிட்டால் தேவாலய அலமாரியில் உள்ள மற்ற பழைய நூல்களும் எனக்கே வரும். கல்யாண ஆல்பமும் மாணவர் ஆய்வேடும் தைத்துத் தைத்து அலுத்துப்போயிருந்தேன். அந்த நூல்கள் எனக்கு வேண்டும், ரொம்ப வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் சரஸ்வதி பூசை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் நூலைக் காணோம். சாமி அறையில், பட்டுத்துணி மேல், அம்மாவின் தேவாரப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பெட்டி மூடியில் சந்தனம், குங்குமம். நல்லது சொல்லும் புத்தகம் எந்த மதமாக இருந்தால் என்ன என்பது அம்மாவின் கட்சி. அது கன்றுக்குட்டித் தோலில் எழுதியது என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபாதரின் போன். லத்தீன் பேராசிரியர் ஒருவர் வந்திருக்கிறார், சாயந்திரம் விமானம், என் தையலைப் பார்த்து அவர் சரி என்றால் மற்ற நூல்களையும் தந்துவிடலாம், உடனே கொண்டுவர வேண்டும் என்றார். அம்மா அசையவில்லை. பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில்தான் எடுக்கலாமாம், அதுவரை யாரும் படிக்கவும் கூடாதாம். கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் அவர்களையே வீட்டுக்கு அழைத்தேன்.

நெட்டையான பேராசிரியர் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாமி அறைப் பாயில் உட்கார்ந்தார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவருக்கு ஆங்கிலத்தில் சட்டம் சொல்லிவிட்டு, புக்கிட் மெர்தாஜாம் தமிழரான ஃபாதரிடம் தமிழிலும் சொன்னார்.

"பார்க்கலாம் ஃபாதர். படிக்கத்தான் கூடாது."

பேராசிரியர் தலையாட்டினார். கை கழுவித் துடைத்து, ஏட்டைப் புரட்டி, மடிப்புக்குள் என் தையலைப் பார்த்தார். ஆனால் ஆயுசெல்லாம் லத்தீன் படித்த மனுஷனின் கண் சும்மா இருக்குமா? உதடு அசைந்தது. பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா கனைத்தார். உதடு நின்றது. அடுத்த பக்கத்தில் மறுபடி அசைவு, மறுபடி கனைப்பு. என் பிழைப்பு அந்த உதட்டில் தொங்குகிறது. எனக்குச் சிரிப்பு வேறு வந்தது.

திடீரென்று அவர் குலுங்கிச் சிரித்தார். என்ன விஷயம் என்று ஃபாதர் கேட்டார். தான் எதையும் படிக்கவில்லையே, எப்படிச் சொல்வது என்று அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுண்டல் எடுக்க உள்ளே போய், சுண்டல் இல்லாமல் திரும்பி வந்தார். தெரிந்து படித்தால்தான் தப்பு, தானாகக் கண்ணில் பட்டதைச் சொன்னால் தப்பில்லை என்று புதுச் சட்டம் போட்டார். கண்ணில் பட்டது பெருந்தீனி பற்றிய அத்தியாயம். நேரத்துக்கு முன்னால் சாப்பிடுவது பாவம். உசத்தியானதைத் தேடிப்போய்ச் சாப்பிடுவது பாவம். அளவுக்கு மீறியும், ஆலாய்ப் பறந்துகொண்டும், பக்குவம் பார்த்துக் குறை சொல்லியும் சாப்பிடுவது பாவம்.

அம்மா ஐந்தையும் விரல்விட்டு எண்ணினார்.

"அப்படின்னா பினாங்குல ஒருத்தருக்கும் மோட்சம் கிடையாது லா."

அதன்பிறகு முன்னறையில் வடை, சுண்டல். பேராசிரியர் தையல் அருமை என்று வாய் நிறைய வடையோடு ஒரு வார்த்தை சொன்னார். வாசலில் செருப்பை மாட்டியபடி ஃபாதர், மற்ற நூல்களையும் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கைவேலையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

"எங்க அலமாரியில யார் வேணாலும் எடுத்துப் புரட்டுறாங்க," என்றார் ஃபாதர். "இங்க அம்மா இருக்காங்க. பயமே இல்ல."

கோபமும் பாவம்தான் என்று அந்த நூலில் கட்டாயம் எழுதியிருக்கும். மறுநாள் காலைவரை அதை யாரும் படிக்கக்கூடாது என்பதால் தாராளமாகக் கோபப்பட்டேன்.