சுவர்ப் பக்கம்

பெயிண்டு வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு நாளாக வீடு முழுக்க அதுதான். துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே போனில் ஆள் பிடித்து அனுப்பியிருந்தான். வந்த பெயிண்டர் நல்ல பிள்ளை. உள்ளறைச் சுவரில் ஓரிடத்தைத் தட்டிப் பார்த்து, "ஆத்தா, இங்கன என்ன இம்புட்டு எண்ணெய்? எத்தனை சுண்ணாம்பு அடிச்சும் ஊறி வந்திருக்கு. பட்டி வச்சு மூடிரவா?" என்றான்.

வேண்டாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. புது ஆளிடம் பேச எனக்குக் கூச்சம். தலையை மட்டும் ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ, அவன் சரி என்று எடுத்துக்கொண்டான்.

என் கூச்சம் சபைக்கே தெரியும். பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வரும்போது சொல்லிவைத்த மாதிரி இருமல் வந்துவிடும். "ஆண்டவரே, இவ இருமலையாவது சொகமாக்கும்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு வாய் ஓயாது. கீரமங்கலத்துப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் நாங்கள் பூப்பறித்தோம். பூவைக் கடைக்குக் கொண்டுபோய் விலை பேசுவது அவர் வேலை. அவர் தலையில் விளக்கெண்ணெயும் வேர்வையும் மல்லிகையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். சுவரில் இருந்தது அந்த எண்ணெய்தான்.

அவருக்குக் காமாலை முற்றி, பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் சபை உபதேசியார் வந்து வேதத்தில் ஒரு ராஜாவின் கதையை வாசித்தார். நீ பிழைக்கமாட்டாய் என்று சொல்லப்பட்ட ராஜா, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதான். கர்த்தர் மனமிரங்கிப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். ஆறுதலுக்காக வாசித்தது. இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் வாசல் தாண்டியதும், "ஏய், கட்டிலச் சுவத்தோட போடு" என்றார்.

"அங்கிட்டுத் திரும்பிப் படுத்தா ஒங்க மொகத்த நான் எப்புடிப் பாக்குறது?"

"பதினஞ்சு வருசம் பாக்கலாம்ல!"

போட்டேன். மறுநாள் விலை பேச ஆரம்பித்துவிட்டார். "பதினஞ்சு ராஜாவுக்கு. பூப்பறிக்கிறவனுக்கு அஞ்சு போதும்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் வாய் இருக்கே."

"நான் பேசுனா பேரம்னு தெரிஞ்சிரும். நீ கேட்டா குடுப்பாரு."

சில நாளில் ஐந்து இரண்டானது. பிறகு, பயல் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் என்றார். அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. சுவரில் தலையை முட்டுக்கொடுத்தபடி சத்தமில்லாமல் அழுதார். முதுகு குலுங்குவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாய்விட்டு ஜெபித்தேன். இருமல் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து உபதேசியாரிடம் கேட்டேன்: "ராஜாவுக்குக் குடுத்தவருக்கு எங்க மேல என்னங்கய்யா கோவம்?"

"சுவத்துல ஒண்ணுமில்லம்மா. மனுசங்கள விட்டுட்டு ஆண்டவர மட்டும் பாக்குறதுதான் அதுக்கு அர்த்தம்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை இன்னமும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். ராஜா திரும்பியது இருக்கிறது, அழுதது இருக்கிறது. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. விசுவாசத்தில் வளர வளர விளங்கும் என்றார்கள். எனக்கு வளர்ந்தது வயசுதான். அவர் கேட்ட வருஷமெல்லாம், அதற்கு மேலும், கேட்காத எனக்கு வந்து குவிந்துவிட்டது. ஏன் என்று தினமும் ஆண்டவரிடம்தான் கேட்கிறேன். எனக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "அழுக்கெல்லாம் போயிருச்சாம்மா?"

"போயிருச்சுப்பா."

தோட்டம் பிளாட்டாகிவிட்டது. உபதேசியார் இல்லை. இப்போது சுவரும் முட்டை ஓடு போல வெள்ளை. மூக்கை வைத்துப் பார்த்தேன், பெயிண்டு மட்டும்தான்.

கட்டிலைப் பெயிண்டர் பழையபடி சுவரோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் இந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன். அங்கிட்டுத் திரும்பினால் அழுகை வந்துவிடும். அழுதால், எனக்கு இன்னும் வருஷத்தைக் கூட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.