பாதிப் பாட்டு வரை

இசைத்தட்டில் ஊசி விழுந்ததும் முதலில் வருவது பாட்டல்ல, எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஒரு கரகரப்பு. அது அடங்குவதற்குள் டிரம்பெட்டும் சாக்சபோனும் ஒன்றாகக் கிளம்பி, குசினியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவின் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். தூத்துக்குடியில் எங்கள் தெருவே பைலா என்ற இலங்கைத் துள்ளல் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் மட்டும் அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய சுவிங் இசை ஒலித்தது. அம்மா பிறந்து வளர்ந்தது கொழும்பில். அவள் அப்பா அங்கே கடை வைத்திருந்தார். கல்யாணமாகி இங்கே வரும்போது ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும், சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனையும், ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்தையும் கொண்டுவந்தாள்; ஷூவுக்குக் கொழும்பில் அதுதான் பெயர்.

அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலையில் இருந்தார். நன்றாக ஆடுவாராம். தங்கள் கல்யாணத்தன்று இருவரும் ஆடியதை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்கள் ஆடவேயில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் பகுதி மண்டபத்தில் பேண்டு வைத்து நடனம் நடக்கும். கல்யாணமான பெண் தன் புருஷனோடு ஆடலாம், கூடப் பிறந்தவனோடு ஆடலாம், வேறு யாரோடும் ஆடக்கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை யாரும் மீறவும் இல்லை. மாமாக்கள் கொழும்பிலேயே தங்கிவிட்டார்கள், அப்பாவோ கிறிஸ்துமஸுக்கு எப்போதும் ஏதோ ஒரு தூரத்துக் கடலில் இருந்தார். அம்மா வருஷா வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, சேலைக்கு உள்ளேயே காலால் தாளம் போட்டுவிட்டுத் திரும்பி வருவாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கும்.

ஒத்திகைக்கு மட்டும் மகள் நான் அகப்பட்டேன். வீட்டு முன்னறையில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, “நீதாம்ளா ஆம்பள” என்று என் கையைத் தன் முதுகில் வைத்துக்கொள்வாள். நான் தரையைப் பார்த்தால், “காலப் பாக்காத, என் மூஞ்சியப் பாரு” என்று அதட்டுவாள்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவின் கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது, அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில். அம்மா சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி வெயிலில் காயவைத்தாள். அடுத்த வீட்டிலிருந்த அத்தையிடம், அதாவது அப்பாவின் அக்காவிடம், “மயினி, இந்த வருசம் அவிய வாராவ” என்று கேட்காமலேயே போய்ச் சொன்னாள்.

கப்பலும் வந்தது. ஆனால் துறைமுகத்தில் கட்ட இடமில்லை என்று வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். மொட்டை மாடியில் ஏறினால் கறுப்பாக, அசையாமல், அது தெரியும். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அங்கிருந்தவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “நாளைக்குப் பாப்போம்க்கா. மொதல்ல பெர்த் கெடைக்கட்டும்.”

நடனத்தன்று சாயங்காலமும் கப்பல் அங்கேயே நின்றது. அம்மா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள். பேண்டுக்காரர்கள் அவளுக்குப் பிடித்த வேகமான பாட்டொன்றை எடுத்தபோது எழுந்து நின்று என்னிடம் கையை நீட்டினாள்.

அத்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஏளா, புருசன் கடல்ல கெடக்கான், ஒனக்கு இங்கன ஆட்டம் கேக்குதோ?”

“பெத்த மகளோட ஆடுததுக்கும் யாரையாவது கேக்கணுமா மயினி?”

நாங்கள் ஆடினோம். அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்து ஆடினேன். நான் திருப்பிய பக்கமெல்லாம் அவள் பறந்தாள். சுற்றி நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள், யாரோ விசில்கூட அடித்தார்கள். பாட்டு பாதிக்கு வந்திருக்கும், மண்டபப் பொறுப்பிலிருந்த பெரியவர் மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “போதும்ப்பா, சின்னப் பயலுவ பைலா கேக்கானுவ.” சாக்சபோன் நடுவில் அறுந்து நின்றது. அம்மா மூச்சு வாங்க, என் கையை விடாமல், மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள்.

விழாவெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பா கரையேறினார். மறுநாளே திரும்ப வேண்டும். நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் அடித்துப்போட்டது போல் தூங்கினார். நான் வேண்டுமென்றே கிராமபோனுக்குச் சாவி கொடுத்தேன். “நிறுத்துளா, அவிய தூங்கட்டும்” என்றாள் அம்மா. அந்த வயதில் எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. கப்பல்மேல், அத்தைமேல், அந்தப் பெரியவர்மேல், தூங்குகிற அப்பாமேல் என்று எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

இப்போது அந்த மண்டபம் இல்லை, அந்த இடத்தில் ஏசி வைத்த கல்யாண மஹால் இருக்கிறது. பேண்டுக்காரர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில். நான் வேலை பார்க்கும் சென்னையில், ஒரு காப்பிக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் இளைஞர்கள் கூடி இதே சுவிங் ஆடுகிறார்கள். போன வருஷம் போய்ப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்த பெண் சிரித்துக்கொண்டே, “இங்க யாரும் யாரை வேணும்னாலும் ஆடக் கூப்பிடலாம்” என்றாள். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று இருந்தது எனக்கு. ஆடாமலே இறங்கி வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடியில் மில்லர்புரம் வீட்டுக்குப் போனபோது, மண்டபத்தில் பாதியில் நின்றுபோன அம்மாவின் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துப் போனில் சத்தமாக வைத்தேன். அப்பா ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. தினமும் வீட்டில்தான் இருக்கிறார், எதிரே நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் இன்ஜின் அறையின் இரைச்சல் அவர் காதுகளை எப்போதோ தின்றுவிட்டது. தலையைக்கூட அவர் திருப்பவில்லை.

“கூட ஆடுததுக்கு இப்பம் ஆளு இருக்குல்லா?” என்றேன் அம்மாவிடம்.

“சத்தத்தக் கொறை. அவியளுக்குக் கேக்காத பாட்டு எனக்கு மட்டும் என்னத்துக்கு?”

எங்கள் வாய் அசைவதைப் பார்த்து அப்பா, “என்னளா பேசுதிய?” என்று உரக்கக் கேட்டார். அம்மா அவர் காதருகே குனிந்து, “சோறு வைக்கட்டான்னு கேட்டேன்” என்று கத்தினாள். வை என்பதுபோல் அவர் தலையாட்டினார்.